முதல் பிஸ்டல் மேட்ச்சா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

பாளையங்கோட்டைல எங்க சித்தப்பா மவன் ஏர் பிஸ்டல் பழகுதான், அவனோட முதல் மேட்ச்சுக்கு நானும் கூடப் போனேன். நானும் கொஞ்ச வருஷம் சுட்டவன், அதனால அவன் எங்க சறுக்குதான்னு பின்னால நின்னே தெரிஞ்சுது.

10 மீட்டர் ஏர் பிஸ்டல்னா எலக்ட்ரானிக் டார்கெட்ல 60 ஷாட், 75 நிமிஷம், எல்லாம் ஒத்தக் கையில. அதுக்கு முன்ன 15 நிமிஷம் ரெடியாவுறதுக்கும் குறி சரியான்னு பாக்க சைட்டிங் ஷாட் போடவும் தருவாங்க, அதுல எத்தன சுட்டாலும் கணக்குல வராது. அந்த நேரத்துல ஒரு ஷாட் தள்ளிப் போனதுமே சைட்ட, அதான் பிஸ்டல் மேல குறி பாக்குத பாகத்த, திருகாதீங்க, ஒரு அஞ்சு சுட்டு அது எங்க கூடுதுன்னு பாத்துட்டு அப்புறம் திருகுங்க.

பெரிய தப்பு என்னன்னா டார்கெட்டயே பாக்கது. பத்து மார்க் வளையம் வெறும் 11.5 மில்லிமீட்டர், நம்ம சட்டை பட்டன் அளவுதான், பத்து மீட்டர் தள்ளி அதத் தேடிப் பிடிக்க நினைச்சா கண்ணு அங்க போயிரும், முன் சைட் கொஞ்சம் சாஞ்சாக்கூட தெரியாது. முன் சைட் பளிச்சுன்னு தெரியணும், டார்கெட்டோட கறுப்பு வட்டம் மார்கழிப் பனில தெரியுத லைட்டு மாதிரி மங்கலா இருந்தா போதும். கறுப்புக்குக் கீழ வெள்ளைல கைய நிறுத்திட்டு ட்ரிக்கர மெதுவா அழுத்திட்டே வரணும், "இப்பம்"னு வெடுக்குன்னு இழுத்தா போச்சு.

தம்பி அதத்தான் பண்ணுனான். பதினஞ்சு செகண்டு கைய நீட்டியே நிக்கான், கட்டைவிரல் நகம் வெளுத்துப் போச்சு, முன் சைட் ஆடுது, கடைசில ஒரே இழுப்பு, ஆறு மார்க்தான். எட்டு பத்து செகண்டுக்குள்ள ஷாட் போவலன்னா கைய இறக்கிருங்க, மூச்சு விட்டுட்டு திரும்பத் தூக்குங்க, அதுக்கு நேரம் தாராளமா இருக்கு.

அப்புறம் லேன் நம்பர், அதான் நாம நின்னு சுடுத இடத்தோட நம்பர், அதப் பாத்துக்கோங்க. பக்கத்துக்காரர் டார்கெட்ல சுட்டா நமக்கு அந்த ஷாட் பூஜ்யம். ட்ரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது, செக் பண்ணி வந்த பிறகு அதத் தொடவே தொடாதீங்க, மேட்ச் முடிஞ்சும் எடை கட்டிப் பாப்பாங்க, குறைஞ்சா மொத்தமா தகுதி நீக்கம்தான்.

இன்னொண்ணு, அமெரிக்கால நடக்குத புல்ஸ்ஐங்குற பிஸ்டல் மேட்ச் வீடியோ பாத்துட்டு, சிவப்புப் புள்ளி காட்டுத ரெட் டாட் சைட் வாங்கப் போறவங்க இருக்காங்க. அங்க அது ஓகே, அவங்க மேட்ச்சே வேற, 50 கெஜத்துல பத்து நிமிஷத்துக்கு 10 ஷாட், அப்புறம் 25 கெஜத்துல 20 செகண்டுக்கு அஞ்சு, 10 செகண்டுக்கு அஞ்சுன்னு போவும். நம்ம ஏர் பிஸ்டல்ல லென்ஸ், புள்ளி எதுவும் இல்லாத வெறும் ஓப்பன் சைட்தான்.

60 முடிஞ்சதும் தம்பி சந்தோஷத்துல பிஸ்டலோட எம்பக்கம் திரும்பப் பாத்தான், எனக்கு நெஞ்சே நின்னு போச்சு, "ஏல, முன்னால பாரு"ன்னு சத்தம் போட்டேன். குழல் எப்பவும் டார்கெட் பக்கம்தான் இருக்கணும். பிஸ்டல காலி பண்ணி, குண்டு இல்லன்னு காட்டுத சேஃப்டி ஃப்ளாக் சொருகி, ரேஞ்ச் ஆபீசர் பாத்த பிறகுதான் லேன விட்டு வரணும்.