சூடேறி நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் செல்ஃப் சத்தத்தைக் கேளுங்கள்

சித்திரை வெயில். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசி ஓடுகிறது, பிள்ளைகள் பின்சீட்டில் தூங்குகிறார்கள். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதை நான் பார்த்தபோது பானட் ஓரத்தில் ஆவி கிளம்பிவிட்டது. ஓரங்கட்டி ஆஃப் செய்தேன். அதுவரை சரி. அப்புறம் பத்து நிமிஷம்கூடப் பொறுக்காமல் சாவியைத் திருப்பினேன். செல்ஃபிலிருந்து, அதாவது இஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலிருந்து, 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏழெட்டுத் தடவை திருப்பியிருப்பேன்.

பக்கத்தில் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்த அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, சாவியத் திருகிக்கிட்டே இருக்காதீங்க. எங்க மீன்பிடி போட் இஞ்சினும் இப்படித்தான். ஆறவிட்டாத்தான் எடுக்கும்."

அவர் சொன்னது பாதி வைத்தியம். மீதிப் பாதியை அன்று சாயங்காலத்துக்குள் கற்றுக்கொண்டேன். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் முனை வரைக்கும் இரண்டு பக்கமும் கடலும் மணலும்தான், ஒர்க்ஷாப் கிடையாது. தேவிபட்டினம், சாயல்குடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கருவேலங்காட்டுக்கு நடுவே மைல் கணக்கில் ஆளில்லாத இடங்கள் உண்டு. கார் வேலை தெரியாதவரும் இந்த வரிசையில் பார்த்துவிடலாம்.

படி 1: ஆறவிடுங்கள்

குறைந்தது முக்கால் மணி நேரம். பானட் லிவரை உள்ளிருந்து இழுத்துவிடுங்கள். ஆவி அடங்கிய பிறகு துணி சுற்றிய கையால் பானட்டைத் தூக்கி வையுங்கள். காற்று நுழைந்தால் சீக்கிரம் ஆறும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அந்த மூடி உள்ளே அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். இஞ்சின் மேல் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். கொதிக்கிற தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே? அந்த அதிர்ச்சியில் இஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். பத்து நொடி சுடாமல் பிடிக்க முடிந்தால் ஆறிவிட்டது என்று கணக்கு. அதன் பிறகும் மூடி மேல் தடித்த துணி போட்டு, கொஞ்சம் திருப்பி, காற்று முழுக்கப் போனபின் கழற்றுங்கள்.

படி 2: தண்ணீரும் ஆயிலும்

ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதற்கு முன்னால் இந்தப் பரிசோதனை அவசியம். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் நுரைத்திருந்தால், ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலந்துவிட்டது. ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட்டே விரிசல் விட்டிருக்கும். அங்கேயே நிறுத்துங்கள், இனி இழுத்துக்கொண்டு போவதுதான் வழி.

ஆயில் நன்றாக இருந்தால் கூலன்டை நிரப்புங்கள். ஒரே மூச்சில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக. ஊற்றும்போதே கீழே குனிந்து பாருங்கள்: எங்கே சொட்டுகிறது? ஹோஸ் கிளிப்பா, வாட்டர் பம்பா, ரேடியேட்டரா என்று அப்போதே தெரிந்துவிடும். கூலன்ட் இல்லையென்றால் குடிக்கிற கேன் தண்ணீர் போதும். நம்மூர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், டம்ளரில் ஊற்றி வைத்தாலே வெள்ளையாகப் படிகிற உப்பு. ரேடியேட்டருக்குள்ளும் அதே படிவுதான், அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். வேறு வழியே இல்லாமல் ஊற்றினால், வீடு போனதும் வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் மாற்றுங்கள். கடல் தண்ணீரை எந்த நிலையிலும் ஊற்றாதீர்கள். கேட்கக்கூட வெட்கமாக இருக்கும், ஆனால் ஒரு குடம் மோந்து வந்து நீட்டிய ஆளை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: செல்ஃப் என்ன சொல்கிறது?

இதுதான் முக்கியமான இடம். ஒரே ஒரு தடவை, ஐந்து நொடிக்கு மேல் போகாமல் சாவியைத் திருப்புங்கள். ரேடியோ, ஏசி எல்லாம் ஆஃபில் இருக்கட்டும். காது மட்டும் திறந்திருக்கட்டும்.

'டக்டக்டக்டக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, இல்லையென்றால் டெர்மினல் சரியில்லை. இந்தக் கடற்கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது டெர்மினலைத்தான். உப்புக் காற்று பட்டுப் பட்டு அதன் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். சுரண்டித் துடைத்து, மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மீட்டர் இருந்தால் வோல்ட்டேஜ் பாருங்கள்: முழு சார்ஜ் என்றால் 12.6 வோல்ட் இருக்கும். 12-க்குக் கீழே போய்விட்டால் காலி.

ஒற்றை 'டக்' மட்டும் கேட்டால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திருப்பிப் பாருங்கள். விளக்கு நன்றாக மங்கினால் கரன்ட் பற்றவில்லை, அல்லது இஞ்சின் சுற்ற மறுக்கிறது. மங்காமல் அப்படியே எரிந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் கோளாறு. பல கார்களில் அது சைலன்சர் குழாயை ஒட்டியே இருக்கும். சூடு ஏறினால் அதன் சோலனாய்டு (மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) வேலை செய்யாது, ஆறினால் எடுத்துவிடும். அக்கா சொன்ன வைத்தியம் இதற்குத்தான் பொருந்தும். என் காரிலோ விளக்கு மங்கியது. டெர்மினலைத் தொட்டுப் பார்த்தேன், கையோடு ஆடியது. பச்சையைச் சாவியால் சுரண்டி, டிக்கியில் கிடந்த ஸ்பேனரால் முறுக்கினேன்.

டெர்மினல் இறுக்கமாக இருந்தும், பேட்டரி நன்றாக இருந்தும் அதே ஒற்றை 'டக்' வந்தால், அல்லது பாதி சுற்றி 'தம்' என்று முட்டி நின்றால், கவனம். கேஸ்கெட் வழியாக கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. விடாமல் திருப்பினால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முயலாதீர்கள். இஞ்சின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகிப் போயிருந்தாலும் இதே அறிகுறிதான். பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்க்கிற வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இன்னொரு சத்தம் உண்டு. வழக்கத்தைவிட வேகமாக, எந்தத் தடையும் இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றும். இஞ்சின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அல்லது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் கம்ப்ரஷனே இல்லாமல் போயிருக்கலாம். சில கார்களில் வாட்டர் பம்பை ஓட்டுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப் இறுகினால் பெல்ட்டும் போகும், சூடும் ஏறும். ஒரே நோய்க்கு இரண்டு அறிகுறி. இதற்கும் ரோட்டோரத்தில் மருந்து இல்லை.

படி 4: நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

பெட்ரோல் கார் என்றால், சாவியை ஆனில் வைத்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி 'ஊம்' என்று ஃப்யூயல் பம்ப் சத்தம் வருகிறதா? வரவில்லையென்றால் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பம்ப் ஃப்யூஸையும் ரிலேயையும் (கரன்ட்டைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச் பெட்டி) பாருங்கள். சத்தம் வருகிறது, பெட்ரோல் வாடையும் தூக்கலாக அடிக்கிறது என்றால் இஞ்சினில் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து நொடி சுற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும். எடுக்காவிட்டால் ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு முறை. இஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரும் சூட்டில் படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் ரகம். சூடானபோது மட்டும் இந்தத் தொல்லை என்றால் மெக்கானிக்கிடம் அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

படி 5: எடுத்துவிட்டது, இனி

உடனே கிளம்பாதீர்கள். ஏசியைப் போட்டு, முன்னால் வந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் சுற்ற வேண்டும். என்னுடையது சுற்றவில்லை. பாம்பன் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்கிறேன் என்று ஏசியோடு வண்டியை நிறுத்திவைத்தவர்களுக்கு முள் ஏறுவதும் இதனால்தான். வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன் மட்டுமே. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்தப் பாலத்தில் வண்டி படுத்தால் பின்னால் வருகிற பஸ்காரர்கள் வேறு ஹாரனிலேயே பேசுவார்கள்.

ஃபேன் ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது. ஹாரன் ரிலே பலநேரம் ஃபேன் ரிலே மாதிரியே இருக்கும்; மேலே எழுதியிருக்கும் எண் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதிலும் மசியவில்லை. கடைசியில் ஃபேன் மோட்டாருக்குப் போகும் கனெக்டரைப் பிடுங்கினால், உள்ளே அதே பச்சை. ஊதி, குத்தூசியால் சுரண்டி, திரும்பச் சொருகினேன். ஃபேன் சுழன்றது.

புகைக்குழாயையும் ஒரு பார்வை பாருங்கள். விடாமல் வெள்ளைப் புகை, அதில் தித்திப்பான வாடை, கூலன்ட் டேங்க்கில் குமிழி என்றால் கேஸ்கெட் கதைதான்; ஓட்டாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகப் போட்டுக் கிளம்புங்கள். சித்திரையில் ஹீட்டரா என்று வீட்டில் திட்டுவார்கள், என்னையும் திட்டினார்கள். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இஞ்சின் சூட்டை அது வெளியே இழுக்கும். முள் பாதிக்கு மேல் ஏறினால் மறுபடி ஓரங்கட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-க்கு அழைக்கலாம். தனுஷ்கோடிப் பக்கம் இருட்டுமுன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே நாலு மணிக்கே முடிவெடுங்கள்.

அன்று ராமேஸ்வரம் வந்து சேர மணி ஆறாகிவிட்டது. மறுநாள் வெந்நீரில் சமையல் சோடா கலந்து டெர்மினலைக் கழுவி, காய்ந்ததும் வாஸலின் தடவினேன். ரேடியேட்டர் இதழ்களில் ஒட்டியிருந்த உப்பை நல்ல தண்ணீரில், இஞ்சின் பக்கமிருந்து வெளியே பார்த்து, மெல்லிய தாரையாக அடித்துக் கழுவினேன். சர்வீஸ் கடையில் பிரஷர் பம்பை அங்கே திருப்ப விடாதீர்கள், இதழெல்லாம் மடங்கிவிடும். டிக்கியில் இப்போது ஐந்து லிட்டர் கேன் தண்ணீரும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் நிரந்தரமாக இருக்கின்றன.