கறுப்பு கேட்டுக்குக் கோல்டு தொட்டு விடுவது எப்படி?

பாவூர்சத்திரம் வீட்டு கேட்டுக்கு நானே பெயிண்ட் அடித்தேன். கறுப்பு முடிந்ததும் பூ, ஈட்டிமுனை, வளைவு எல்லாவற்றிலும் கோல்டு பெயிண்டை இழுத்து விட்டேன். ஆச்சி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "என்னல, கேட்டுக்கு மஞ்சக்காமாலையா?" என்றாள். எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து இரண்டாவது முறை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, இரண்டு கோட் கறுப்பு எனாமல் அடிப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கேட் பழசு என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை நனைக்காமல் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், முகத்துக்கு மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பு மேட் (பளபளப்பு இல்லாதது) அல்லது சாட்டின் (லேசான பளபளப்பு) ஆக இருக்கட்டும். பளபளக்கும் கறுப்பின் மேல் கோல்டு எடுபடாது.

கோல்டில் இரண்டு வகை உண்டு. செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி போட்டது வெளி கேட்டுக்கு வேண்டாம். புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி நாளடைவில் கறுத்துவிடும். மைக்காவில் செய்த பேர்ல் கோல்டு அப்படிக் கறுக்காது, என் ஓட்டு அதற்குத்தான். 100 மி.லி. டப்பா ஒரு கேட்டுக்குத் தாராளம். பொடி அடியில் படியும், அவ்வப்போது குச்சியால் கிளறுங்கள்.

இனி நான் வழுக்கிய இடம். பிரஷ்ஷில் பெயிண்ட் இருக்கிற மாதிரி தெரிந்தாலே அது அதிகம். 1 அங்குல பிரஷ்ஷின் மயிரைப் பாதியாக வெட்டி விறைப்பாக்குங்கள். புது பிரஷ்ஷை விடத் தேய்ந்த பழசே இதற்கு நல்லது. நுனியை மட்டும் கோல்டில் தொட்டு, பழைய செய்தித்தாளில் தேயுங்கள், மறுபடியும் தேயுங்கள். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும்போது, கருப்பட்டி வாங்கி வந்த ஓலைப்பெட்டியின் மேல் லேசாக ஓட்டிப் பாருங்கள். பின்னலின் மேட்டில் மட்டும் பொன் ஒட்டி, இடுக்கில் ஓலை ஓலையாகவே தெரிந்தால் சரி, கேட்டுக்குப் போகலாம்.

இதழின் நீளவாக்கில் இழுக்காதீர்கள், குறுக்கே ஓட்டுங்கள். அப்போதுதான் விளிம்பு மட்டும் பிடிக்கும். வெயில் விழும் மேல்விளிம்புக்கு இரண்டு மூன்று தடவை, கீழே ஒரு தடவை. குழிக்குள் போகவே வேண்டாம், அங்கே கறுப்பு இருந்தால்தான் பூ பூவாகத் தெரியும். கூடிப்போனால் டர்பென்டைனில் நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியால் உடனே துடைத்துவிடலாம்.

கோல்டு கெட்டியானால் டர்பென்டைன் மட்டும் சேருங்கள். கடைக்காரர் "எல்லாத்துக்கும் இதுதான் அண்ணாச்சி" என்று கொடுத்த என்.சி. தின்னரை (லேக்கர் பெயிண்டில் கலக்கும் காரமான தின்னர்) நான் கலந்தேன். இரண்டு நாள்கூடக் காயாத கறுப்பு, கோழித்தோல் மாதிரி சுருங்கி எழும்பியது. கைக்கு ஒட்டாவிட்டாலும் எனாமல் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். இப்போது நான் ஒரு வாரம் விடுகிறேன்.

ஆனி, ஆடியில் இந்த வேலையே வேண்டாம். செங்கோட்டைப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் கோல்டோடு மண்ணும் ஒட்டும். மற்ற மாதங்களில் சாயங்காலம் 4 மணிக்கு மேல் செய்யுங்கள். மத்தியானம் கம்பி கொதிக்கும், பிரஷ் நகர்வதற்குள் பெயிண்ட் காய்ந்துவிடும்.

பின்சேர்க்கை: மேலே கிளியர் வார்னிஷ் அடிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அடித்துப் பார்த்தேன், மினுக்கம் குறைந்தது. ஆசையாக இருந்தால் கேட்டின் உள்பக்கம் ஒரு பூவில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், தாழ்ப்பாளைச் சுற்றிக் கோல்டு வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் பால்காரர் கை பட்டுப் பட்டு இரண்டே மாதத்தில் அங்கே கறுப்பு எட்டிப் பார்த்துவிட்டது.