ரிமோட்டின் கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கைபேசியில் காண்பது எப்படி?

தொலைக்காட்சி ரிமோட் வேலை செய்யாதபோது, பழுது ரிமோட்டில் உள்ளதா தொலைக்காட்சியில் உள்ளதா என்பதைக் கண்டறியக் கைபேசியின் கேமராவே போதும். நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியை அது காண்கிறது என்பதே இதிலுள்ள வியப்பு.

அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியில் முன்பக்கக் கேமராவைத் திறந்துகொள்ளுங்கள். ரிமோட்டின் முனையில் உள்ள சிறு குமிழைக் கேமராவுக்கு நேராக ஒரு சாண் தொலைவில் பிடித்து, ஏதேனும் ஒரு பொத்தானை விடாமல் அழுத்துங்கள். படம் எடுக்க வேண்டியதில்லை. குமிழ் ஊதா கலந்த வெண்ணிறத்தில் மினுமினுப்பது திரையிலேயே தெரியும். பொத்தானை விடாமல், திரையிலிருந்து பார்வையைத் திருப்பிக் குமிழை நேரடியாகப் பாருங்கள்: அங்கே இருட்டுதான் இருக்கும். சில ரிமோட்டுகளில் குமிழ் கருநிற பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும். அந்த பிளாஸ்டிக் இந்த ஒளியைத் தடுக்காது.

பெரும்பாலான ரிமோட்டுகள் சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை உமிழ்கின்றன. நம் கண்ணின் பார்வையோ ஏறத்தாழ 700 நானோமீட்டரைத் தாண்டியதும் மங்கி மறைந்துவிடுகிறது. சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் வெப்பம் உயர்வதைக் கண்டு, 1800-ஆம் ஆண்டில் இக்கதிரை உலகுக்கு அறிவித்தார். அவர் வெப்பமானியின் வழியே ஊகித்து அறிந்த ஒன்றை நாம் திரையில் நேரடியாகப் பார்க்கிறோம் என்பது எனக்கு இன்றும் பெருமகிழ்ச்சி தருகிறது.

கேமராவின் உணரி சிலிக்கானால் ஆனது. சிலிக்கான் ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை உணரக்கூடியது. சிவப்பு, பச்சை, நீலம் என உணரியின் மேல் பதிக்கப்பட்டுள்ள நிற வடிகட்டிகள் மூன்றும் அகச்சிவப்பை ஓரளவு கசியவிடுவதால், அது தனி நிறமாக இல்லாமல் வெண்மை கலந்த ஊதாவாகத் தோன்றுகிறது. படத்தின் நிறம் கெடாமலிருக்கக் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றும் வைக்கப்படுகிறது. பின்பக்கக் கேமராவில் அது பெரும்பாலும் வலுவாக இருக்கும் என்பதால்தான் முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்தச் சொன்னேன். சில கைபேசிகளில் முன்பக்கமும் அவ்வாறே இருக்கலாம். ஆகவே, நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டைக் கொண்டு உங்கள் கேமராவை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால், பழுதில்லாத ரிமோட்டைத் தூக்கி எறிய நேரிடும்.

நீங்கள் காணும் மினுமினுப்பு ரிமோட்டின் முழுத் துடிப்பன்று. சூரிய ஒளியிலிருந்தும் விளக்கொளியிலிருந்தும் தன் செய்தி வேறுபட்டுத் தெரிவதற்காக, ரிமோட் அந்த ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. நொடிக்கு 30 படங்கள் காட்டும் கேமராவால் அவ்வேகத்தைப் பிடிக்க முடியாது. அத்துடிப்புகள் கொத்துக் கொத்தாக வந்து போவதே நமக்கு மினுமினுப்பாகத் தெரிகிறது.

இனி, கண்டதைக் கொண்டு முடிவு செய்யலாம். ஒளி மங்கலாக இருந்தாலோ இல்லாமலே போனாலோ, முதலில் இரண்டு பேட்டரிகளையும் ஒருசேர மாற்றுங்கள். ஒரு பொத்தானுக்கு மட்டும் ஒளி வரவில்லையென்றால், அதன் அடியிலுள்ள ரப்பர் தொடுபரப்பில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். ரிமோட்டைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒளி நன்றாகத் தெரிந்தும் தொலைக்காட்சி இயங்கவில்லையென்றால், அதன் உணரியை எதுவும் மறைக்கிறதா என்று பாருங்கள். புளூடூத்தில் மட்டும் இயங்கும் ரிமோட்டுகள் ஒளியை உமிழ்வதில்லை என்பதால் இச்சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. எந்தப் பொத்தானையும் அழுத்தாதபோதும் குமிழ் மினுமினுத்தால், ஏதோ ஒரு பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். புதிய பேட்டரிகளும் விரைவில் தீர்ந்துபோவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.