பழைய கிட்டார் மலிவாத் தேடுற ஆக்கள் விடக்கூடாத பிழைகள்

2019 ஆவணியில திருகோணமலைப் பாலையூற்றில ஒரு வீட்டுக்குப் போனன், கூட வேலை செய்யிற தம்பி ஒராள் சொல்லித்தான் போனது, அங்க ஒரு அன்ரி அலுமாரிக்கு மேல கிடந்த கிட்டாரை இறக்கி, பழைய சேலைத் துண்டால தூசியைத் துடைச்சு என்ட கையில தந்தா. அவவின்ட மனுசன் சேர்ச் குவாயரில வாசிச்ச சாமான், அவர் மோசம் போய் நாலு வருசமாம். கம்பி ஆறும் துருப்பிடிச்சு, தொட்டா விரலில மண்ணிறமா ஒட்டுது. போன் டோர்ச்சை சவுண்ட் ஹோலுக்குள்ள அடிச்சுப் பாத்தன், உள்ளுக்க சிவப்பு லேபல், யமஹா எஃப்ஜி-180, அதில நிப்பொன் ககி எண்டு கம்பனிப் பேர். நெஞ்சு டக்கெண்டு அடிச்சுது. விலை கேட்டன், 18,000 எண்டா. என்ட பொக்கெட்டில 4,000 தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை காசோட வாறன் அன்ரி எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். ஞாயிறு போனா, வெள்ளிக்கிழமையே ஒராள் முழுக் காசையும் குடுத்து எடுத்துக்கொண்டு போட்டார். "நீங்க வருவீங்களோ மாட்டீங்களோ எண்டு எனக்கு எப்பிடி மகன் தெரியும்" எண்டு கேட்டா, அதுக்கு என்னட்டப் பதில் இல்ல.

அதோட விட்டிருந்தாப் பரவாயில்ல. ஐஞ்சு மாசமா அந்தச் சிவப்பு லேபலையே நினைச்சுக்கொண்டு திரிஞ்சு, 2020 தைப்பொங்கலுக்கு ரெண்டு நாள் முதல் உவர்மலைப் பக்கம் பழைய ஜப்பான் கிட்டார் ஒண்டு விக்க இருக்கு எண்டு கேள்விப்பட்டவுடன 22,000 ரூபாயைக் கொண்டு ஓடினன், இந்த முறை விடுறதில்ல எண்ட ஒரே எண்ணம், பத்து நிமிசம் கூட வடிவாப் பாக்கேல்ல, வாங்கிக்கொண்டு வந்து புதுக் கம்பி போட்டு டியூன் பண்ணினாப் பிறகுதான் தெரிஞ்சுது, பன்ரெண்டாவது ஃப்ரெட்டில, அதாவது விரல் வைக்கிற நீட்டுத் தண்டான நெக்கில குறுக்கால பதிச்ச உலோகத் துண்டுகளில பன்ரெண்டாவதில, கம்பி 5 மில்லிமீற்றர் உயரத்தில நிக்குது, கம்பி பூட்டியிருக்கிற மரத்துண்டான பிரிட்ஜின்ட பின் விளிம்பு மேலுக்கு எழும்பி ஒரு காகிதம் உள்ளுக்க போற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கு. முதலாவது கைவிட்டுப் போனதும் ரெண்டாவது இப்பிடிக் கையில மாட்டினதும் எனக்கு ஒரே காரணத்தாலதான் நடந்தது, ஆயத்தம் இல்லாமப் போனன். முதல் தரம் காசு இல்ல, ரெண்டாம் தரம் பாக்கிற பொறுமை இல்ல. பழைய கிட்டார் தேடுற கனபேர் இந்த ரெண்டுக்கும் நடுவிலதான் ஆடிக்கொண்டு இருக்கினம், அதாலதான் இதை எழுதுறன்.

காசு விசயத்தை முதல் சொல்லுறன், சின்ன விசயம்தான். பாக்கப் போறண்டா வாங்கிற அளவுக்குக் காசோட போங்கோ, இல்லாட்டி ஏலுமான அட்வான்ஸைக் குடுத்து ஒரு துண்டில எழுதி வாங்குங்கோ. அண்டைக்கு நான் அந்த 4,000 ரூபாயை அன்ரியிட்டக் குடுத்திருந்தா அவ வைச்சிருந்திருப்பா. வெறும் வாய்ச்சொல்லுக்கு ஆரும் சாமானைக் கட்டி வைக்க மாட்டினம், அது அவையின்ட பிழையும் இல்ல. இதுக்கு மேல போகமாட்டன் எண்ட தொகையையும் வீட்டிலயே முடிவெடுங்கோ, கிட்டாரைக் கையில தூக்கினாப் பிறகு அந்தக் கணக்கு ஓடாது.

இனிப் பாக்கிற விசயம், இதைக் கொஞ்சம் விரிவா எழுதத்தான் வேணும், ஏனெண்டா இஞ்சதான் ஆக்கள் காசைக் கொட்டுறது. கனபேர் முதல் பாக்கிறது பெயின்ற், கீறல், மினுக்கம். கீறல் கிட்டாரைக் கெடுக்காது. முதல் பாக்க வேண்டியது நெக் எந்தச் சாய்வில நிக்குது எண்டதைத்தான். ஒரு நீட்டு ஸ்டீல் அடிமட்டத்தை ஃப்ரெட்டுகளுக்கு மேல, நடுவால, பிரிட்ஜைப் பாத்து வையுங்கோ, அதின்ட நுனி பிரிட்ஜ் மரத்தின்ட மேல் விளிம்பில தொட்டா இல்ல மட்டுமட்டா மேலால போனா நல்லது, மேல ஏறாம பிரிட்ஜின்ட முன்பக்கத்தில போய் முட்டினா கம்பி இழுத்து இழுத்து வருசக்கணக்கில நெக் முன்னுக்கு வந்திட்டுது எண்டு அர்த்தம். அடிமட்டம் இல்லாட்டி சாடிலைப் பாருங்கோ, கம்பி ஏறி நிக்கிற அந்த வெள்ளைத் துண்டு ராவி ராவி மரத்தோட மட்டமா வந்தும் பன்ரெண்டாவது ஃப்ரெட்டில கம்பி இன்னும் உயரமா இருந்தா அதே வருத்தம்தான். தடிச்ச கம்பி அந்த இடத்தில 2.5 மில்லிமீற்றர் அளவில நிண்டா வாசிக்கச் சுகம், 4க்கு மேல போனா விரல் நோகும். இதை நெக்குக்குள்ள ஓடுற இரும்புக் கம்பியான ட்ரஸ் ரொட்டைத் திருகிச் சரிப்பண்ணலாம் எண்டு விக்கிற ஆக்கள் சொல்லுவினம், நம்பாதேங்கோ, ட்ரஸ் ரொட் நெக்கின்ட வளைவைத்தான் மாத்தும், பொடியில, அதாவது கிட்டாரின்ட பெட்டியில, நெக் பூட்டியிருக்கிற சாய்வை மாத்தாது. அதுக்கு நெக்கையே கழட்டித் திரும்ப ஒட்ட வேணும், பழைய ஜப்பான் கிட்டார்களில பசை சரியான இறுக்கம், நீராவி குடுத்தாலும் லேசில விடாது. திருமலையில இருந்து அதைக் கொழும்புக்கு ரெயினில கொண்டுபோய், வேலைக்கூலி குடுத்து, திரும்பக் கொண்டு வாற செலவைக் கூட்டிப் பாத்தா மலிவு விலை எங்க நிக்கும்?

பிறகு டோர்ச்சை உள்ளுக்க அடிச்சு, சின்னக் கண்ணாடி ஒண்டை சவுண்ட் ஹோலுக்குள்ள விட்டு மேல்பலகையின்ட உட்பக்கத்தைப் பாருங்கோ. குறுக்கால ஒட்டின சட்டங்கள் எங்கயாவது கழண்டு நிக்குதா, பிரிட்ஜுக்குக் கீழ இருக்கிற பலகை வெடிச்சிருக்கா. விரல் மொழியால மேல்பலகையை மெல்லத் தட்டிக்கொண்டு போனா கழண்ட இடத்தில கறகற எண்டு ஒரு சத்தம் வரும், காதுக்கு டக்கெண்டு பிடிபடும். எங்கட ஊரில இன்னொண்டும் பாக்க வேணும், 2004 சுனாமித் தண்ணி வந்து போன வீடுகளில இருந்த சாமான் இன்னும் கை மாறுது, நான் பாத்த ஒண்டில உள்ளுக்க பக்கப்பலகையில தண்ணி நிண்ட கோடு அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரி இருந்தது, வெளியால நல்ல பொலிஷ்.

காத்தும் சும்மா விடாது. மாரியில மரம் ஈரத்தைக் குடிச்சு ஊதும், ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கேக்க காஞ்சு சுருங்கும், உப்புக்காத்து கம்பி, கம்பியை முறுக்கிற கீ, ஃப்ரெட் எல்லாத்தையும் அரிக்கும். இதாலதான் நான் அந்த எஃப்ஜி-180ஐ அவ்வளவு விரும்பினது, யமஹா அந்த எஃப்ஜி வரிசையை 1966இல தொடங்கினது, சிவப்பு லேபல் எஃப்ஜி-180இன்ட மேல்பலகை பிளைவுட். முழுப்பலகையில செஞ்சதுதான் நல்லது, பிளைவுட் எண்டா குப்பை எண்டு கதைக்கிறது குளிர் நாட்டு ஆக்களைக் கேட்டு வாற பிழை, எங்கட காலநிலையில முழுப்பலகை வெடிக்கிற இடத்தில பிளைவுட் தாங்கி நிக்கும், சத்தமும் அந்தக் கிட்டார்களில நல்ல தெளிவு.

பழசு எண்ட உடன பெறுமதி எண்டு நினைக்கிறது இன்னொரு பெரிய பிழை. உலகம் முழுக்க ஆக்கள் தேடுறது குறிப்பிட்ட வருசங்களை. ஃபெண்டர் எண்ட அமெரிக்க கிட்டார் கம்பனியை 1965 தை மாசம் சிபிஎஸ் எண்ட வேற கம்பனி வாங்கினது, அதுக்கு முந்தினதுக்கு ஒரு விலை, பிந்தினதுக்கு வேற விலை. கிப்சன் கம்பனியின்ட லெஸ் போல் எண்ட எலெக்ட்ரிக் கிட்டார் 1952இல வந்தாலும் 1958 தொடக்கம் 1960 வரை சன்பர்ஸ்ட் எண்ட நிறத்தில வந்ததுக்குத்தான் வீடு வாங்கிற காசு குடுக்கினம். அது மாதிரி ஒண்டு திருமலையில அலுமாரிக்கு மேல கிடக்கும் எண்டு தேடாதேங்கோ. பிரிட்டிஷ் நேவி 1957 வரைக்கும் இஞ்ச இருந்ததாலயோ என்னவோ, இது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கிட்டார் எண்டு சொல்லி விலையைக் கூட்டுற கதை அடிக்கடி வரும். அப்பிடி எனக்குக் காட்டினதில ஒண்டின்ட கீயில தாய்வான் எண்டு அடிச்சிருந்தது. கதையை மரியாதையாக் கேளுங்கோ, காசைக் கிட்டாருக்கு மட்டும் குடுங்கோ.

நெக்கின்ட நுனியில கீ பூட்டியிருக்கிற ஹெட்ஸ்டொக்கில இருக்கிற பேரை வைச்சும் முடிவெடுக்கேலாது. லெஸ் போல் எண்டு வந்தா, ஹெட்ஸ்டொக்கில இருக்கிற ட்ரஸ் ரொட் மூடியில ஸ்க்ரூ எத்தினை எண்டு எண்ணுங்கோ, கிப்சனுக்கு ரெண்டு, போலிகளில கனதரம் மூண்டு. எலெக்ட்ரிக் கிட்டார் எண்டா பின் மூடியைக் கழட்டி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வொலியூம் பொட்டின்ட முதுகைப் பாக்க விடச் சொல்லுங்கோ, 1376512 மாதிரி ஒரு நம்பர் இருந்தா 137 எண்டது பொட்டைச் செஞ்ச சிடிஎஸ் கம்பனி, 65 வருசம், 12 அந்த வருசத்தின்ட பன்ரெண்டாவது கிழமை, பொட்டை மாத்தியிருக்காட்டி கிட்டார் அதுக்கு முதல் செஞ்சதா இருக்கேலாது. யமஹாவில நிப்பொன் ககி எண்ட பேர் இருந்தா 1987க்கு முந்தினது எண்டு எடுக்கலாம், அந்த வருசம்தான் கம்பனி பேரை மாத்தினது. கழட்டிப் பாக்க விடாத ஆளிட்ட வாங்காதேங்கோ, அவ்வளவுதான்.

மனசுக்குக் கஷ்டமான ஒண்டு, எங்கட பக்கம் கன வீடுகளில காணுறது, நைலோன் கம்பி போடுற கிளாசிக்கல் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி போட்டு வைச்சிருக்கிறது. நைலோன் கம்பி ஆறும் சேந்து பொடியை இழுக்கிறது கிட்டத்தட்ட 40 கிலோ, ஸ்டீல் லைட் செற் 70 கிலோவுக்கு மேல. அந்த மெல்லிய பலகை எப்பிடித் தாங்கும்? பிரிட்ஜுக்குப் பின்னால வயிறு ஊதி, முன்னால குழி விழுந்திருக்கும். அகலமான நெக், ஹெட்ஸ்டொக்கில நீளமா ரெண்டு துவாரம், கம்பியைப் பிரிட்ஜில முடிச்சுப் போட்டுக் கட்டுற மாதிரி ஓட்டை, இதெல்லாம் இருக்கிற ஒண்டில ஸ்டீல் கம்பியைக் கண்டா எவ்வளவு மலிவு எண்டாலும் ரெண்டு தரம் யோசியுங்கோ. உங்கட வீட்டிலயே அப்பிடி ஒண்டு இருந்தா இண்டைக்கே கம்பியைத் தளத்துங்கோ.

வாங்கினாப் பிறகு விடுற பிழையும் இருக்கு. வாகனத்துக்கு பெயின்ற் அடிக்கிற இடத்தில குடுத்து கறுப்பு ஸ்ப்ரே அடிச்சுக்கொண்டு வந்து பெருமையாக் காட்டின தம்பி ஒராளைத் தெரியும், ஒண்டும் சொல்லேல்ல நான், சொல்ல மனம் வரேல்ல. தேடி வாங்கிற ஆக்கள் பெயின்ற் மாத்தின கிட்டாருக்குப் பொதுவாப் பாதி விலைதான் பேசுவினம். பழைய கீ, பழைய சாடில், ஸ்க்ரூ கூட எறியாதேங்கோ, மாத்தினாலும் ஒரு டப்பாவில போட்டு கேசுக்குள்ள வையுங்கோ. வெளிநாட்டில இருந்து சொந்தக்காரரைக் கொண்டு எடுப்பிக்கிற ஆக்கள், பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992இல இருந்து சைட்டஸ் எண்ட, அருகி வாற உயிரினங்களின்ட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தின்ட முதலாம் பட்டியலில இருக்கு, அந்த மரத்தில செஞ்ச கிட்டாரை பேர்மிட் இல்லாம நாடு விட்டு நாடு கொண்டுபோகேலாது எண்டதை முதல் அறிஞ்சு வையுங்கோ.

பேரம் பேசுறதைப் பற்றி ஒண்டு சொல்லியே ஆக வேணும். விக்கிற வீட்டுக்காரர் கனதரம் மனுசனைப் பறிகுடுத்த ஆக்கள், இல்லாட்டி காசுக்கு நெருக்கடியில இருக்கிற ஆக்கள், அந்தச் சாமானின்ட பெறுமதி அவைக்குத் தெரியாது. தெரிஞ்ச நீங்க அதைச் சொல்லாம 5,000க்கு இழுத்து வாங்கினா அது மலிவு இல்ல, களவுக்குப் பக்கத்தில நிக்கிற விசயம். பிரிட்ஜ் கழண்டிருந்தா அதைக் காட்டி விலையைக் குறைச்சுக் கேளுங்கோ, அதே மாதிரி லேபலில நல்லது இருந்தா அதையும் சொல்லுங்கோ. நான் அப்பிடிச் சொல்லி விலை கூடி வாங்கேலாமப் போனது ஒரு தரம், அதை நினைச்சு எனக்கு ஒரு நாளும் கவலை வந்ததில்ல.

கவலை வாறது மற்றதுக்குத்தான். கைவிட்டுப் போன கிட்டாருக்கு மனசில ஒரு குறையும் தெரியாது, அதின்ட நெக்கை நாங்க அளந்து பாக்கேல்ல, சட்டம் கழண்டிருந்ததா எண்டு பாக்கேல்ல, ஆனா அடுத்து வாற ஒவ்வொண்டையும் அதோட ஒப்பிட்டுக்கொண்டு இருப்பம். அந்த எஃப்ஜி-180ஐ நான் திரும்பக் கண்டன், 2022 நத்தாருக்கு, குவாயரில ஒரு பெடியன் வாசிச்சுக்கொண்டு நிண்டான், சவுண்ட் ஹோலுக்குக் கீழ இருந்த பிறை வடிவக் கீறலை வைச்சுத்தான் அடையாளம் கண்டது. பூசை முடியக் கேட்டு வாங்கிப் பாத்தன். நெக் நல்ல நேர், பிரிட்ஜ் இறுக்கம். நான் நினைச்ச மாதிரியேதான் இருந்தது, நெஞ்சு நொந்ததுதான், ஆனா மூண்டு வருசமா மனசுக்குள்ள பெருத்துக்கொண்டே போன ஒரு சாமான் அண்டைக்குத் திரும்ப ஒரு கிட்டார் அளவுக்கு வந்தது. கம்பி மட்டும் திரும்பவும் துரு. உப்புக்காத்தில மாதத்துக்கு ஒருக்காத் துடைக்காட்டி இப்பிடித்தான் தம்பி எண்டு சொல்லி, பையில கிடந்த புது செற்றை அவனிட்டக் குடுத்திட்டு வந்தன்.

உவர்மலையில வாங்கினது இன்னும் என்னட்டத்தான் இருக்கு. ஏற்கனவே பிழையா ஒண்டை வாங்கிப்போட்டு மூலையில வைச்சிருக்கிற ஆக்களுக்கு நான் அதுக்குச் செஞ்சதைச் சொல்லுறன், பிரிட்ஜை முழுசாக் கழட்டி, பழைய பசையைச் சுரண்டித் துப்புரவாக்கி, மரப்பசை பூசி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டன், சாடிலைக் கொஞ்சம் ராவினன், எக்ஸ்ட்ரா லைட் செற் எண்டு கேட்டு 10 நம்பர் கம்பி போட்டன், அதையும் வழமையை விட ஒரு முழு டோன் இறக்கி டியூன் பண்ணி, ரெண்டாவது ஃப்ரெட்டில கம்பிகளை அமத்திப் பிடிக்கிற கேப்போ போட்டு வாசிக்கிறன், இழுவை குறைஞ்சதால பிரிட்ஜ் இது வரைக்கும் அசையேல்ல, கம்பியும் 3 மில்லிமீற்றருக்கு வந்திட்டுது.