சிறை, சிறப்பு முகாம், குடியுரிமை: இலங்கைத் தமிழர் வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பத்தில் யாராவது வழக்கில் மாட்டிக்கொண்டால், வீட்டார் முதலில் செய்வது மனு எழுதுவது. முதலமைச்சருக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே நகல். 'பெறுநர்' மட்டும் மாறியிருக்கும். இந்த மனுக்களில் பல பதிலில்லாமல் போவதற்கு அதிகாரிகளின் மெத்தனம் மட்டும் காரணமில்லை. கேட்டதைக் கொடுக்க அதிகாரமே இல்லாத மேசைக்கு அவை போயிருக்கும்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. குடியுரிமை, வெளிநாட்டவர், பாஸ்போர்ட், விசா, நாட்டைவிட்டு வெளியேற்றுவது எல்லாம் ஒன்றியப் பட்டியல். இதுவரை தெளிவுதான். ஆனால் வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரத்தை ஒன்றிய அரசு 1958 ஏப்ரல் 19 அறிவிக்கை வழியாக மாநில அரசுகளிடமும் ஒப்படைத்தது. ஒருவரை இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தையும் மாநிலம் இப்படித்தான் பயன்படுத்துகிறது. ஆகவே வெளிநாட்டவரைச் சிறைக்கு வெளியே அடைத்துவைக்கும் சிறப்பு முகாமுக்கான உத்தரவு சென்னைக் கோட்டையிலிருந்து வரும். குடியுரிமை டெல்லியிலிருந்துதான் வரும். சிறைக்குள் நடப்பதற்குச் சிறைத்துறை பொறுப்பு. ஒரே ஆள் மூன்று கைகளில் சிக்கியிருக்கிறார் என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

ஜாமீன் கிடைத்தால் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நம்புவது

அதிகம் பேரை நிலைகுலைய வைப்பது இந்தத் தவறுதான். ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது, ஜாமீன்தாரர் கையெழுத்தும் போட்டாயிற்று. வீட்டார் வேன் பிடித்துச் சிறை வாசலுக்குப் போகிறார்கள். வாசலில் கியூ பிரிவு (தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவு) போலீசாரும் காத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இன்னொரு உத்தரவு: இவர் திருச்சி சிறப்பு முகாமில் தங்க வேண்டும். சிறைக்கதவு திறக்கிறது, ஆள் வெளியே வருகிறார், போலீஸ் வண்டியில் ஏறுகிறார்.

1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 3(2)(இ) பிரிவின்படி இந்த உத்தரவுகள் போடப்பட்டு வந்தன. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டவரின் இருப்பிடத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் புதிய சட்டத்திலும் இருக்கிறது. சிறப்பு முகாம் திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்தான் இருக்கிறது என்றாலும், சட்டத்தின் கண்ணில் அது சிறை இல்லை. அதன் பொறுப்பு தனித்துணை ஆட்சியரிடம். எனவே முகாமின் சாப்பாடு, மருத்துவம், குடும்பச் சந்திப்பு பற்றிச் சிறைத்துறைத் தலைமைக்கு எழுதினால் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்றுதான் பதில் வரும். மனு ஆட்சியருக்கும், உத்தரவு பிறப்பித்த தலைமைச் செயலகத் துறைக்கும் போக வேண்டும்.

சிறை இல்லை என்பதால் முகாம் மேல் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சிறையில் தண்டனைக்கு முடிவுத் தேதி உண்டு. தண்டனைக் குறைப்பு, பரோல் எல்லாம் உண்டு. முகாமில் இவை எதுவும் கிடையாது. எப்போது வெளியே வருவார் என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது. என்னைக் கேட்டால், கம்பிக்குள் இருப்பதைவிட இந்தத் தேதியின்மைதான் ஆளை அதிகம் உருக்குலைக்கிறது.

ராஜீவ் கொலை வழக்கில் மீதமிருந்த 6 பேரை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தது. அவர்களில் இலங்கைக் குடிமக்களான சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நால்வரும் வேலூர், புழல் சிறைகளிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊருக்குப் போகப் பயண ஆவணம் வேண்டும். அதை இலங்கைத் துணைத் தூதரகம் தர வேண்டும். அப்புறம் ஒன்றிய அரசு வெளியேறும் அனுமதி தர வேண்டும். மாதக்கணக்கில் இழுத்தது. சாந்தனுக்கு அனுமதி வந்தது 2024 பிப்ரவரியில். அதற்குள் அவர் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் கிடந்தார். பிப்ரவரி 28 அன்று அங்கேயே இறந்தார். மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்றுதான் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கிலேயே இந்தக் கதி.

ஆகவே பயண ஆவண வேலையைத் தண்டனை முடியும்வரை தள்ளிப்போடக் கூடாது. தண்டனைக் காலத்தின் கடைசி ஆண்டிலேயே சிறைக் கண்காணிப்பாளர் வழியாகத் துணைத் தூதரகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். இலங்கையில் பிறந்த பதிவு, பழைய அடையாள அட்டை எண், அங்கே இருக்கும் உறவினரின் விவரம் ஆகியவற்றை வீட்டார் தேடி வைத்திருந்தால் அடையாளத்தை உறுதிசெய்வது சுலபம். ஊருக்குப் போகாமல் இங்கேயே குடும்பத்தோடு வாழ விரும்புபவர் என்றால், ஜாமீன் மனு போடும்போதே சிறப்பு முகாம் உத்தரவு வந்தால் என்ன செய்வது என்று வழக்கறிஞரிடம் பேசிவைக்க வேண்டும்.

ஜாமீன் பற்றி இன்னொன்று. வெளிநாட்டவரின் ஜாமீன் மனுவில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரியை எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஜாமீன் கிடைத்ததை அவருக்குத் தெரிவித்தால் போதும். தூதரகத்திடமிருந்து 'இவர் தப்பிப் போகமாட்டார்' என்று சான்றிதழ் வாங்கி வா என்ற நிபந்தனையும் நியாயமில்லை என்று அதே வழக்கில் 2024 ஜூலையிலேயே தீர்ப்பு வந்தது. உங்கள் வழக்கறிஞர் இதையெல்லாம் நீதிமன்றத்தில் சொல்லாமல் வாய்தா வாங்கிக்கொண்டே போனால், கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பிறந்த தேதியைப் பார்க்காமல் விண்ணப்பிப்பது

'இலங்கை அகதியாகிய நான், எனக்கு இந்தியக் குடியுரிமை வழங்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்' என்று தொடங்கும் மனுவின் கீழே பிறந்த இடம் மண்டபம் (ராமநாதபுரம் மாவட்டத்து ஊர், அங்கே அகதி முகாம் உண்டு), ஆண்டு 1985 என்று இருந்தால், அந்த மனுவையே எழுதியிருக்க வேண்டியதில்லை. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்று சட்டம் பார்ப்பதில்லை. முகாம் பதிவேட்டில் பெயர் இருப்பது இதை மாற்றாது. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு மறுக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2022-ல் உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் குடியுரிமை கேட்டு மன்றாடவில்லை. ஏற்கெனவே இருப்பதை ஒப்புக்கொள்ளச் சொன்னார்.

இதற்குத் தேவை உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். அந்தக் காலத்தில் பதியாமல் விட்டிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு உத்தரவு வாங்க வேண்டும். இந்தத் தேதிக்குள் பிறந்தவர் அவசரப்பட்டு இலங்கை பாஸ்போர்ட் எடுப்பதும் ஆபத்து. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு. எடுப்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்வரை பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை. இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். இதன் பொருளைப் பலர் உணர்வதில்லை. தாய் ராமநாதபுரத்துக்காரர், தகப்பன் படகில் வந்து முகாமில் பதிந்தவர், பிள்ளை 2006-ல் பிறந்தது என்று வையுங்கள். தகப்பனிடம் அன்றைக்குச் செல்லுபடியான பாஸ்போர்ட், விசா இல்லாததால் பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆவதில்லை. தாயின் ஓட்டுரிமை அட்டையைக் காட்டி எதையும் சாதிக்க முடியாது. கொடுமையான விதிதான், ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

ஆதாரைக் காட்டுபவர்களும் உண்டு. ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை என்று ஆதார் சட்டமே சொல்கிறது. இங்கே வசிப்பவர் என்பதற்காகத் தரப்படுவது அது.

மலையக வம்சாவளியினர், அதாவது இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன இந்தியத் தமிழரின் வழிவந்தவர்கள், தங்கள் வழக்கை மற்றவர்களுடையதோடு சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தது. விட்டுப்போன 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டது 1974-ல். 1984-ல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றுபோனதால், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த சிலர் பின்னாளில் படகில் வந்து அகதி என்று பதிவானார்கள். தாத்தா பாட்டியின் பெட்டியில் கண்டி இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த காகிதம் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். மக்கிப்போன அந்தத் தாள் வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.

நீதிபதி சொன்னதெல்லாம் உத்தரவு என்று எடுத்துக்கொள்வது

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளோடு நின்றுவிடுகிறது. இலங்கை அதில் இல்லை. 2024 மார்ச் 11 அன்று விதிகள் வந்தபோதும் இல்லை. ஆனால் 2022-ல் மதுரைக் கிளையில் ஒரு வழக்கில், அந்தச் சட்டத்தின் அடிப்படை இலங்கை இந்துத் தமிழர்களுக்கும் பொருந்தும் என்று நீதிபதி குறிப்பிட்டார். அது வாட்ஸ்அப்பில் 'நமக்கும் குடியுரிமை' என்று பரவியது. நீதிபதி கருத்துச் சொன்னார். முடிவை அரசிடம்தான் விட்டார். அகதிகளின் குடியுரிமைக் கோரிக்கை பற்றி அதே கிளை 2019-ல் தந்த தீர்ப்பிலும் அதே கதை: மறுபடி விண்ணப்பிக்கலாம், அரசு பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் சாரம். பரிசீலிக்கச் சொன்னதைக் கொடுக்கச் சொன்னதாகப் படித்து வேலையை விட்டவர்கள்கூட உண்டு. தீர்ப்பின் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அண்மையில் வந்த நல்ல செய்தி ஒன்றையும் இதேபோல் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கு நடவடிக்கை இல்லை என்று 2025-ன் புதிய வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் விலக்கு ஆணை வந்திருக்கிறது. இது தண்டனையிலிருந்து விலக்கு. குடியுரிமை விண்ணப்பத்துக்கு வழி திறந்துவிட்டது என்று இதை வாசிக்க முடியாது.

வழக்கில் எந்த உரிமையைப் பிடித்து வாதாடுவது என்பதிலும் சறுக்கல் உண்டு. இந்தியாவில் எங்கும் குடியிருக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-வது பிரிவில் வருகிறது. அது குடிமக்களுக்கு மட்டும். உயிர், தனிமனிதச் சுதந்திரம் பற்றிய 21-வது பிரிவு எல்லோருக்கும் உரியது. தண்டனை முடிந்து சிறப்பு முகாமில் இருந்த ஓர் இலங்கைத் தமிழர் இங்கேயே தங்க அனுமதி கேட்டபோது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் மறுத்தது. திருப்பி அனுப்பினால் உயிருக்கு என்ன ஆபத்து என்பதை ஆவணத்தோடு காட்டாமல், நீண்ட காலம் இருந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னால் நிற்காது.

ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் எடுப்பது

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. குடிமகன் அல்லாதவர் நாட்டுரிமையை மறைத்து இந்திய பாஸ்போர்ட் வாங்கினால் 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. போலி பாஸ்போர்ட், விசா என்றால் புதிய சட்டத்தில் 2 முதல் 7 ஆண்டு, 1 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். வெளிநாட்டுக் கனவில் லட்சங்களைக் கொடுத்தவர் விமான நிலையத்தில் பிடிபட்டு, சிறை போய், அப்புறம் சிறப்பு முகாமும் போகிறார். ஏஜெண்டின் போன் அணைந்துவிடும். அந்த வழக்கு பிற்காலக் குடியுரிமை விண்ணப்பத்திலும் கறையாக நிற்கும்.

உள்ளே இருப்பவருக்காக வெளியே செய்யும் பிழைகள்

வக்கீலுக்குப் பணமில்லை என்று மாதக்கணக்கில் சும்மா இருப்பது. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி தருகிறது. அதில் நாட்டுரிமை நிபந்தனை இல்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் அகதியின் பெயரிலேயே விண்ணப்பம் போடுவது இன்னொன்று. அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும்தான் உரிமை தருகிறது. பத்து ரூபாயும் ஒரு மாதமும் வீண். குடியுரிமை கோப்பு எங்கே தேங்கியிருக்கிறது என்று அறிய வேண்டுமானால், வழக்கறிஞரோ இந்தியக் குடிமகனான உறவினரோ தன் பெயரில் கேட்க வேண்டும். தனிநபர் தகவல் என்று மறுக்காமலிருக்க, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் கடிதத்தையும் இணைத்துவிடுவது நல்லது.

மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுபவர்கள் இரண்டு விஷயங்களில் கோட்டை விடுகிறார்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்தில் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் புகாரைத் தேசிய ஆணையமும் எடுக்காது. இரண்டுக்கும் ஒரே நாளில் நகல் அனுப்பினால் ஒன்று மற்றதை முடக்கும். சிறையோ சிறப்பு முகாமோ, மாநிலக் கட்டுப்பாட்டில் ஆட்களை அடைத்துவைக்கும் இடம் எதையும் நேரில் பார்வையிட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால் 'நடவடிக்கை எடுக்கவும்' என்று பொதுவாக முடிக்காமல், எந்த அறை, எந்தத் தேதி, எந்த மருந்து மறுக்கப்பட்டது என்று எழுதி, பார்வையிடுமாறு நேரடியாகக் கேளுங்கள். சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, அந்தச் சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உயர் நீதிமன்றம் போனால், வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.