பச்சைக் கட்டம்: மருந்துக் காப்புரிமையை அலசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எக்செல் தாள் ஒன்றைக் காட்டினார். ஒரு புற்றுநோய் மருந்து, அதைச் சுற்றி இந்தியாவில் இருக்கும் 17 காப்புரிமைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பு, மஞ்சள், பச்சை. மூலக்கூறுக்கான அடிப்படைக் காப்புரிமைக்கு நேரே பச்சை அடித்து, குறிப்பில் "நம் படிக வடிவம் வேறு, மீறல் இல்லை" என்று எழுதியிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 14 வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய வரி அது, ஏறக்குறைய அதே சொற்களில்.

காப்புரிமை எண்ணைத் தப்பாக அடிப்பது, சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை மேலே இருப்பவர் ஒரு வாசிப்பில் பிடித்துவிடுவார். கீழே வருபவை அப்படிச் சிக்காது.

பொருளோடு பொருளை ஒப்பிடுவது

அப்போது நான் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் வேதியியலாளர்கள் ஒரு மருந்துக்குப் புதிய படிக வடிவம் கண்டுபிடித்திருந்தார்கள். அசல் நிறுவனத்துப் பொருளின் எக்ஸ்ரே வரைபடத்தையும் எங்களுடையதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு உச்சி இருந்த இடத்தில் எங்களுக்குத் தட்டையாக இருந்தது. வேறு பொருள்தான், சந்தேகமே இல்லை என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

சில மாதம் கழித்து, வெளியிலிருந்து வந்த மூத்த வழக்கறிஞர் ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "முதல் கிளெய்மில் படிகம் என்ற சொல் எங்கே சார் இருக்கு?" இல்லை. கிளெய்ம் என்பது காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகம். மூலக்கூறும் அதன் உப்புகளும், அவ்வளவுதான் அதில். அது எந்தப் படிகமாக உறைந்தாலும் அந்தக் கிளெய்முக்குள்தான் இருக்கும். நான் ஒப்பிட்டது அவர்கள் விற்ற பொடியை. அவர்களுக்கு உரிமை தந்ததோ பொடி அல்ல, கிளெய்மில் இருந்த சொற்கள்.

ஆராய்ச்சிக்கும் மருந்துப் பதிவுக்கும் தயாரிப்பதை நம் சட்டத்தின் 107ஏ பிரிவு காப்பாற்றும். சந்தையில் விற்பதைக் காப்பாற்றாது. நாங்கள் விற்பனைக்கான மூலப்பொருளையே டிரம் டிரம்மாக வாங்கி அடுக்கியிருந்தோம். அது கிடங்கில் கிடந்து காலாவதியானது. அந்த வருடம் எனக்கு ஊதிய உயர்வு இல்லை என்பது தனிக்கதை.

எர்லோடினிப் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கைப் படித்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று சொல்லவும் வழியில்லை. தீர்ப்புகள் பிறகுதான் வந்தன. ரோஷ் நிறுவனத்தின் காப்புரிமை எண் 196774. சிப்ளா விற்றது அந்த மூலக்கூறின் 'பி' படிக வடிவம். காப்புரிமை 'ஏ', 'பி' இரண்டும் கலந்ததற்குத்தான், எங்களுடையது தனி 'பி' என்று சிப்ளா வாதிட்டது. 'பி' வடிவத்துக்கு ரோஷ் தனியாகக் கேட்ட காப்புரிமை இந்தியாவில் நிராகரிக்கப்பட்டதும் அவர்களுக்கு வசதியாக இருந்தது. 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, மீறல் இல்லை என்றார். 2015 நவம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப் போட்டது: கிளெய்ம் மூலக்கூறுக்கு, படிக வடிவம் எதுவானாலும் அடங்கும், ஒப்பிட வேண்டியது பொருளைக் கிளெய்மோடு. காப்புரிமைக்குச் சில மாதமே மிச்சம் இருந்ததால் தடை விதிக்கவில்லை, விற்பனைக் கணக்கைக் கேட்டார்கள்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். முதல் கிளெய்மை அச்செடுத்து, ஒவ்வொரு நிபந்தனைக்குப் பக்கத்திலும் பென்சிலால் கோடு போடுகிறேன். நம் பொருள் அந்த நிபந்தனைக்குள் வருகிறதா, இல்லையா? எல்லாவற்றுக்கும் "ஆம்" வந்தால், நம்மிடம் கூடுதலாக என்ன இருக்கிறது என்பது பேச்சே இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. "நம் படிகத்துக்கு நமக்கே காப்புரிமை கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்று மேலாளர்கள் கேட்பார்கள். காப்புரிமை பிறரைத் தடுக்கத் தரும் உரிமை, நாம் விற்கத் தரும் அனுமதி அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் நான் கிணறு வெட்டினால் கிணறு என் உழைப்புதான், ஆனால் உள்ளே போக அவர் கதவைத் திறக்க வேண்டும்.

பொதுச் சூத்திரத்தைக் கண்டு தாண்டிப் போவது

ஆர்1 ஹைட்ரஜன் அல்லது ஆல்கைல், ஆர்2 இன்னொன்று என்று லட்சக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே வரியில் அள்ளும் கிளெய்ம். "நம் மூலக்கூறின் பெயர் இதில் இல்லையே" என்று புதியவர்கள் தாண்டிவிடுவார்கள். பெயர் இருக்க வேண்டியதில்லை. சூத்திரத்தில் பொருந்தினால் போதும்.

இதை உரிமையாளருக்கு எதிராகவும் திருப்பலாம். ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப்புக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் விண்ணப்பம் போட்டது நம் சென்னை அலுவலகத்தில். 1602/எம்ஏஎஸ்/1998 என்ற எண்ணில் 'எம்ஏஎஸ்' என்பது மெட்ராஸ். இமாடினிப் மெசிலேட் தங்களின் பழைய பொதுச் சூத்திரக் காப்புரிமையான சிம்மர்மன் காப்புரிமையின் எல்லைக்குள் வருகிறது, ஆனால் அதில் வெளிப்படுத்தப்படவில்லை, அதனால் புதியதுதான் என்பது நோவார்ட்டிஸின் வாதங்களில் ஒன்று. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அதே சிம்மர்மன் காப்புரிமையைக் காட்டித்தான் பிரிட்டனில் இந்திய நிறுவனமான நாட்கோவின் மாத்திரைக்கு அவர்கள் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். ஆகவே உரிமையாளர் வெளிநாட்டில் தன் காப்புரிமையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடாமல் ரிப்போர்ட்டை மூடாதீர்கள்.

நீரிழிவு மருந்தான டபாக்லிஃப்ளோசினிலும் இதே பாடுதான். பொதுச் சூத்திரக் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது, தனி மூலக்கூறுக்கானது 2023 வரை. மீறல் வழக்கில் இரண்டையுமே அஸ்ட்ராசெனகா காட்டியது. ஒரே மருந்து இரண்டையும் மீறுகிறது என்றால் கண்டுபிடிப்பும் ஒன்றுதானே என்ற கோணத்தில் டெல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடையை மறுத்தது. 2023 என்ற தேதியை மட்டும் பார்த்துச் சிவப்பு அடித்தவர்கள் உட்கார்ந்திருந்தபோது மற்றவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

காலாவதியை முன்னுரிமைத் தேதியிலிருந்து எண்ணுவது

முன்னுரிமைத் தேதி என்பது அதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள். காலாவதி அதிலிருந்து அல்ல, தாக்கல் தேதியிலிருந்து 20 வருடம். பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் ஒரே சர்வதேச விண்ணப்பம்) வழியாக வந்தால் சர்வதேசத் தாக்கல் தேதி.

மருந்தின் பெயரை வைத்துத் தேடுவது

விண்ணப்பம் போட்ட நாளில் மருந்துக்குப் பெரும்பாலும் பெயரே கிடையாது. கட்டமைப்பை வைத்துத் தேடுங்கள்.

அமெரிக்கப் பட்டியலை இந்தியாவுக்கு ஒட்டுவது

அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் பட்டியலான ஆரஞ்சு புக்கில் இருக்கும் காப்புரிமைகளில் பல, இன்ன நோய்க்கு இப்படிக் கொடுப்பது என்ற சிகிச்சை முறைக்கானவை. அதற்கு இந்தியாவில் காப்புரிமையே கிடையாது. மறுபக்கம், தயாரிப்பு முறைக் காப்புரிமைகள் ஆரஞ்சு புக்கில் இடம்பெறா. இங்கே நம்மை இடறிவிடுபவை பல சமயம் அவைதான். மேலும், முதலில் வெளியான கிளெய்மும் இங்கே வழங்கப்பட்ட கிளெய்மும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பரிசோதனையில் வெட்டியிருப்பார்கள். கடைசியாக ஏற்ற கிளெய்ம்களைக் கோப்பிலிருந்து எடுங்கள்.

போட்டியாளரைக் காப்புரிமை எண்ணிக்கையில் அளப்பது

வட்ட வரைபடம் அழகாக வரும், ஒன்றும் சொல்லாது. 40 விண்ணப்பம் போட்டவர் சந்தைக்கு வராமலே போகலாம். ஒன்றுகூடப் போடாதவர் மாத்திரையோடு தயாராக இருக்கலாம். யார் தயார் என்பது எதிர்ப்பு மனுக்களில் தெரியும். இமாடினிப் விண்ணப்பத்தை வழங்குவதற்கு முன்பே எதிர்த்தவர்களைப் பாருங்கள்: புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்பு, அதோடு நாட்கோ, சிப்ளா, ரான்பாக்ஸி, ஹெட்டரோ. ஜெனரிக் சந்தையின் போட்டியாளர் பட்டியல் அப்படியே கையில் கிடைக்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகத்திடம் மூலப்பொருள் கோப்பு வைத்திருப்பவர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் படம் இன்னும் தெளியும்.

தம்பியின் தாளில் இரண்டு காப்புரிமைகளுக்கு எதிர்ப்பு மனு இருந்தது. யார் எதிர்த்தார்கள் என்ற கட்டம் காலி. பெயர்களைத் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.