லினோ அச்சில் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினோ என்பது உளியால் செதுக்கக்கூடிய மென்மையான தகடு; செதுக்கி, மை உருட்டி, மேலே காகிதத்தை வைத்துத் தேய்த்தால் படம் விழும். என் முதல் லினோ அச்சில் ‘வேலூர்’ என்று எழுத்தை நேராகவே செதுக்கிவிட்டேன். காகிதத்தை உரித்துப் பார்த்தால் ‘ர்’ முதலில் வந்து, அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. நான்கு நாள் உழைப்பு. அச்சில் எல்லாம் இடம் வலம் மாறும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, உளியைக் கையில் எடுத்ததும் மறந்துபோனது. படத்தைப் பட்டர் பேப்பரில் வரைந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு லினோவில் தேய்த்து இறக்குங்கள். செதுக்குவதற்கு முன் ஒரு கண்ணாடியைக் காட்டிப் படித்துப் பாருங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு அடுத்த சோதனை வெயில். கத்திரி வெயிலில் பகல் வேளையில் தண்ணீர் மையைக் கண்ணாடிப் பலகையில் உருட்டும்போதே அது காயத் தொடங்கிவிடும். அப்புறம் மின்விசிறியையும் போட்டால் கேட்கவே வேண்டாம். படத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை விழும். மை மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். கோடையில் நான் விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, விசிறியை நிறுத்திவிட்டு, எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன்.

மை எவ்வளவு வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். ரோலரை உருட்டும்போது பட்டுத்துணி உரசுவதுபோல் மெல்லச் ‘சர்ர்’ என்று கேட்டால் சரி. ‘சட் சட்’ என்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தால் மை அதிகம். மெல்லிய கோடுகளை அது மூடிவிடும். ஒரேயடியாகத் தடவாமல், மெல்லிய பூச்சாகப் பலமுறை உருட்டுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சித்தூர்ப் பக்கம் நந்தனூரில் 1925இல் பிறந்த அச்சுக் கலைஞர் கிருஷ்ண ரெட்டி, பாரிஸில் வேலை செய்தபோது, மைகளின் இளக்கத்தையும் இறுக்கத்தையும் மாற்றியே ஒரே தகட்டில் பல வண்ணம் எடுக்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். 1911இல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர் நம் வட ஆர்க்காட்டோடு இருந்த ஊர்தான். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

எண்ணெய் மைக்குத் தொல்லை வேறு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு பிறந்தநாள் பரிசுக்கு அவசரம் என்று மூன்றாம் நாளே சட்டம் போட்டுக் கொடுத்தேன். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, திரும்ப எடுக்க முடியவில்லை. இப்போது கொடியில் கிளிப் போட்டு குறைந்தது பத்து நாள் தொங்கவிடுகிறேன். அவசரம் என்று வருகிறவரிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத்திலேயே அச்சு இயந்திரம் வாங்கக் கடன் வாங்காதீர்கள். உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் எச்சிங் செய்ய அது வேண்டும். லினோவுக்கும் மரச்செதுக்குக்கும் ஒரு மரக்கரண்டியின் முதுகு போதும். உளி மழுங்கினால்தான் வழுக்கிக் கையில் ஏறும்; ஆம்பூர்ப் பக்கம் செருப்பு வேலையில் கழித்துப் போடும் தோல் துண்டு ஒன்றை வாங்கி, தினமும் அதில் தீட்டுங்கள். இயந்திரத்தில் பழக ஆசை இருந்தால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போய், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் விசாரிக்கலாம்.

சரி, விற்பனைக்கு வருவோம். காகித விலையையும் மை விலையையும் கூட்டி, மேலே ஐம்பது ரூபாய் வைத்து விற்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு படத்தைச் செதுக்க 12 மணி நேரம், அதிலிருந்து 20 படி (பிரதி) எடுக்க 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் உங்கள் உழைப்பு ஒரு மணி நேரம். 20 நல்ல படி தேற 25 தாளாவது போகும். கெட்டுப்போன தாளுக்கும் காசு கொடுத்திருக்கிறோம். கடையில் வைத்தால் கமிஷனும் உண்டு. அதற்காக வீட்டுக்கு வருகிறவருக்கு மட்டும் விலையைக் குறைத்துக் கொடுத்தால், அந்தக் கடைக்காரர் அடுத்த முறை உங்கள் படத்தை வாங்கமாட்டார்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு தரகரிடம் பணம் கொடுத்து ஏமாந்தேன். அரசுத் தளத்தில் ஆதார் எண்ணை வைத்து நாமே இலவசமாகப் பதிவு செய்யலாம்.

இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தை அப்படியே செதுக்கி விற்காதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் எடுத்தவருடைய கலைப்படைப்புதான். நாமே வரைய ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள் வேலூர்க் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன. நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் ஒரு காலைப் பொழுது உட்காருங்கள்.

கடைசியாக, எண்ணிக்கை. படத்துக்குக் கீழே பென்சிலில் 7/20 என்று எழுதினால், மொத்தம் இருபது, இது ஏழாவது என்று வாங்குகிறவருக்கு வாக்குக் கொடுக்கிறோம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை வைத்து நான் செய்த அச்சு இருபதும் விற்றுத் தீர்ந்த பிறகு, ஒரு அக்கா வந்து, “இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடுப்பா, யாருக்குத் தெரியப்போகுது” என்று கேட்டார். இருபதாவது படி எடுத்த அன்றே லினோவின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தேன். அந்தப் பலகையை எடுத்துக் காட்டினேன். கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன செதுக்கப்போகிறாய் என்று கேட்டார்.